கடிதம் வராத பாட்டு

என் தம்பி கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். எந்தப் பாட்டு காதில் விழுந்தாலும் இரண்டாவது வரி முடிவதற்குள் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, எதுவென்று பிடித்துவிடுவான். பிடித்த கையோடு அந்தப் பாட்டின் மேல் அவனுக்கு இருக்கும் மரியாதையும் பாதி போய்விடும். பொங்கலுக்கு வந்திருந்தபோது வீட்டு ஸ்பீக்கரில் அறுபதுகளின் அமெரிக்கப் பெண்கள் குழுவான மார்வலெட்ஸ் பாடிய 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' ஓடிக்கொண்டிருந்தது. கரும்பைக் கடித்துக்கொண்டே வந்தவன், சாப்பாட்டு மேசையின் விளிம்பில் இடது கை விரல்களால் நாலு முறை அழுத்திக் காட்டினான். "அண்ணே, நாலே கார்டுதான். பல்லவிக்கும் இதுதான், சரணத்துக்கும் இதுதான். நடுவுல ஒரு திருப்பம்கூட இல்ல. பாட்டு எங்கயும் போகவே இல்லையே, இதையா நம்பர் ஒன் ஆக்குனாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சக்கையைத் துப்பக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

கணக்கு என்னவோ சரிதான். சுரவரிசையில் எண்ணினால் முதலாவது, ஆறாவது மைனர், நாலாவது, ஐந்தாவது. அமெரிக்காவில் ஐம்பதுகளில் தெருமுனையில் நின்று பாடிய குரல் குழுக்கள் எல்லாம் பாடித் தேய்த்த அதே வரிசை. தொடக்கத்தில் ஆரம்பிக்கிற சுற்று கடைசிவரை அப்படியே சுற்றுகிறது. சுமார் இரண்டரை நிமிடம் ஓடி, ஒலி மெல்லத் தேய்ந்து பாட்டு மறைகிறது. முடிவு என்று ஒன்று கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் அந்தப் பாட்டை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் 'எங்கயும் போகவே இல்லை' என்ற அந்தச் சொல் சும்மா விடவில்லை. வண்டி ஓட்டும்போதும், பல் தேய்க்கும்போதும் அவனோடு மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். எங்கயும் போகவில்லை என்பது குறையா? அல்லது, அந்தப் பாட்டுக்கு வேறு வழியே இல்லையா?

பாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண், காதலன் தூரதேசத்தில். கடிதம் வரவேண்டும், வரவில்லை. தபால்காரர் தினமும் அவள் வீட்டைத் தாண்டிப் போகிறார். அவள் அவரை மறித்து நிறுத்துகிறாள். பையைப் பார், எனக்கு ஏதாவது இருக்கும், கடிதம் இல்லாவிட்டால் ஒரு தபால் அட்டையாவது இருக்கும் என்கிறாள். அவர் பார்க்கிறார் போல. இல்லை. இன்னொரு தடவை பார் என்கிறாள். அவ்வளவுதான் கதை. கதைக்குள் மூன்றாவது ஆள் இல்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம், எழுதாமல் இருக்கும் அந்தக் காதலனை அவள் ஒரு வார்த்தை திட்டுவதில்லை. ஆத்திரம், ஆதங்கம், சந்தேகம் எல்லாம் பாவம் அந்தத் தபால்காரர் தலையில்தான் விழுகிறது. நம் தூது நூல்களில் தலைவிக்குக் கிளி உண்டு, மேகம் உண்டு, அனுப்பிவிட்டு ஆறுதலாக இருக்கலாம். இவளுக்கு அனுப்ப எதுவும் இல்லை. எதிரே வருகிற ஆளை மறிக்கத்தான் முடியும், அதுவும் அவர் வருகிற நேரத்தில் மட்டும். தினமும் அதே தெரு, அதே கதவு, அதே கேள்வி. இந்த நிலைமைக்கு நாலு கார்டு திரும்பத் திரும்ப வருவதைவிடப் பொருத்தமான இசை எது? நடுவில் ஒரு புது மெட்டு வந்தால் ஏதோ மாறிவிட்டது என்று காது நினைக்கும். இங்கே எதுவும் மாறவில்லை.

சரி, இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தார்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். செய்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம்.

இங்க்ஸ்டர் பிள்ளைகள்

டெட்ராய்ட்டின் இசைத்தட்டுக் கம்பெனி மோட்டவுன் என்றதும் எல்லோருக்கும் ஒரு தொழிற்சாலைச் சித்திரம் மனசில் வரும். பெர்ரி கோர்டி லிங்கன்-மெர்க்குரி கார் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959இல் கம்பெனி தொடங்கி, ஒரு பக்கம் இரும்புச் சட்டமாக நுழைந்து மறுபக்கம் புதுக் காராக வெளிவருவதைப் போலப் பாடகர்களை உருவாக்கினார் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்ட கதை. அது பிற்பாடு நிஜமானதுதான். ஆனால் அந்தக் கம்பெனிக்கு, எல்லா வகைப் பாட்டுகளையும் சேர்த்து வாராவாரம் வரிசைப்படுத்தும் அமெரிக்கப் பொதுப்பட்டியலில் முதல் முதலிடம் வாங்கித் தந்த பாட்டு தொழிற்சாலைச் சரக்கு இல்லை. அது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

டெட்ராய்ட்டுக்கு மேற்கே இருக்கிற சின்ன ஊர் இங்க்ஸ்டர். ஃபோர்டு ஆலையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்த டியர்பார்ன் நகரில் குடியிருக்க இடம் கொடுக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் வீடு கட்டிய ஊர் அது. 1961இல் இங்க்ஸ்டர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு திறமைப் போட்டி. கிளாடிஸ் ஹார்ட்டன் என்ற மாணவி, சேர்ந்திசை வகுப்பில் கூடப் பாடிய தோழிகளைச் சேர்த்துக்கொண்டு போட்டிக்குப் போனார். ஜார்ஜியா டாபின்ஸ், ஜார்ஜியானா டில்மன், கேத்ரின் ஆண்டர்சன், வானிடா கவார்ட். 'கான்ட் சிங் யெட்', அதாவது 'நமக்கு இன்னும் பாட வரலை' என்று தங்களையே கேலி செய்து காசின்யெட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நாலாவதாக வந்தார்கள். முதல் மூன்று இடங்களுக்குத்தான் மோட்டவுனில் குரல் பரிசோதனை என்று ஏற்பாடு. அவர்களுடைய ஆசிரியை ஒருவர் இந்தப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமே என்று பேசி வாங்கிக் கொடுத்தார். நாலாம் இடத்துக்கு வந்தவர்களுக்காகப் பரிந்து பேசுகிற ஆசிரியைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் எந்த இசைத்தட்டிலும் வராது.

கம்பெனியில் பாடிக் காட்டினார்கள். அப்போது வானொலியில் ஓடிக்கொண்டிருந்த ஷிரெல்ஸ், சான்டெல்ஸ் பாட்டுகள்தான் அவர்களுக்குத் தெரியும். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஷிரெல்ஸ், பொதுப்பட்டியலின் உச்சிக்குப் போன முதல் கறுப்பினப் பெண்கள் குழுவாகியிருந்தார்கள். குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் சொந்தமாக ஒரு பாட்டோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து இப்படிச் சொல்வது நாசூக்காகக் கதவைச் சாத்துகிற வழிதான். ஏதோ ஒரு நேர்காணலில் நமக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள், 'அனுபவத்தோட வாங்க' என்று.

ஒரு கையெழுத்து

ஜார்ஜியா டாபின்ஸ் அவர்களில் மூத்தவர், பள்ளி முடித்துவிட்டவர். வில்லியம் காரெட் என்று ஒரு நண்பர், பியானோ வாசிப்பவர். ஏதாவது பாட்டு வைத்திருக்கிறாயா என்று டாபின்ஸ் அவரிடம் கேட்கப் போனார். இருந்தது. தபால்காரரைக் கெஞ்சுகிற தலைப்போடு ஒரு ப்ளூஸ் பாட்டு. டாபின்ஸ் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றி எழுதினார். இசை படித்தவர் இல்லை, இசைக்கருவியும் கையில் இல்லை. சில நாட்களில் பாட்டு கையில் இருந்தது. காரெட் கேட்டதெல்லாம், பாட்டு வெளிவந்தால் தன் பேரும் இருக்க வேண்டும் என்பதுதான்.

ப்ளூஸ் என்பது பெரும்பாலும் நடந்து முடிந்த துக்கத்தைச் சொல்லுகிற வடிவம். போனவன் போய்விட்டான், இனி புலம்பல்தான். டாபின்ஸ் அதை எடுத்து, இன்னும் முடியாத துக்கமாக ஆக்கிவிட்டார். அவள் இன்னும் வாசலில் நிற்கிறாள், இன்றைக்கு வந்துவிடலாம். என்னுடைய அபிப்பிராயத்தில் அந்தப் பாட்டின் உயிரே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. பின்னால் கம்பெனி ஆட்கள் பிரையன் ஹாலண்டும் ராபர்ட் பேட்மனும் உட்கார்ந்து செதுக்கினார்கள். மெருகு அவர்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் வாசலில் ஒரு பெண்ணை நிற்க வைத்தவர் டாபின்ஸ்.

பாட்டோடு திரும்பிப் போனார்கள், கம்பெனிக்குப் பிடித்துவிட்டது. ஒப்பந்தம் போடலாம் என்றார்கள். மிச்சிகனில் அப்போது இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். டாபின்ஸுக்கு இருபது ஆகவில்லை. அம்மா உடல்நலமில்லாமல் இருந்தார், வீட்டைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவர் மேல். காகிதத்தைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இந்த இடத்தை என்னால் சீக்கிரம் தாண்ட முடியவில்லை. அந்த அப்பாவை வில்லனாக்க எனக்கு விருப்பம் இல்லை. 1961இல் ஒரு கறுப்பினத் தகப்பன், மகளை ராத்திரி கிளப்புகளிலும் தெற்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைகளிலும் ஓடுகிற பஸ்ஸில் அனுப்ப யோசித்தது நியாயம்தான். அதே ஆண்டு மே மாதம், இனப் பிரிவினையை எதிர்த்துப் பஸ்ஸில் போனவர்களின் வண்டியை அலபாமாவில் கொளுத்தினார்கள், பத்திரிகைகளில் படம் வந்தது. மோட்டவுன் கலைஞர்களின் பஸ் அடுத்த ஆண்டு தெற்கே போனபோது அதன் மேலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பயத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டில் நோயாளி, மகள் போனால் யார் பார்ப்பது? இதெல்லாம் சரி. ஆனால் பாட்டு அவளுடையது. அதையும் மறக்க முடியவில்லை. அப்பாவிடம் கேட்டிருந்தால், என் மகளுக்கு நான் நல்லதுதான் செய்தேன் என்றிருப்பார். அதுவும் பொய்யாக இருந்திருக்காது.

டாபின்ஸ் அடுத்து செய்ததுதான் எனக்கு இந்தக் கதையின் நடு இடம். கோபித்துக்கொண்டு பாட்டைத் திரும்பக் கேட்கவில்லை. தான் பாட எழுதிய பாட்டை கிளாடிஸுக்குச் சொல்லிக் கொடுத்தார். கிளாடிஸுக்கு அப்போது பதினாறை ஒட்டிய வயது. முன்குரலாக நிற்கத் தயக்கம். நீதான் பாடவேண்டும் என்று டாபின்ஸ் அவரைத் தயார்செய்தார். சொல்லிக் கொடுத்துவிட்டு விலகினார். அவர் இடத்துக்கு அதே ஊர்ப் பெண் வாண்டா யங் வந்தார். குழுவின் பெயர் காசின்யெட்ஸ் சரிப்படாது என்று கோர்டி மார்வலெட்ஸ் என்று மாற்றினார். இந்த வரிசையை மனசில் ஓட்டிப் பார்த்தால் எனக்கு ஒரு வினோதம் தெரிகிறது. ஒவ்வொரு வரியையும் எங்கே இழுக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் ஸ்டூடியோவுக்குள் வரவே இல்லை. நாம் கேட்கிற குரலில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர்தான் பாடுகிறார்.

இசைத்தட்டின் லேபிளில் டாபின்ஸ், காரெட், பிரையன்பெர்ட் என்று இருந்தது. பிரையன்பெர்ட் என்பது ஹாலண்டும் பேட்மனும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் பெயர் வரிசை வெவ்வேறு விதமாக வரத் தொடங்கியது. யார் முதலில், யார் விடுபட்டார் என்பது வெளியிடும் கம்பெனியைப் பொறுத்தது. இசைத்துறையில் இது புதுசு இல்லை. பேருக்காக மட்டும் ஆசைப்பட்ட காரெட்டை நினைத்தால்தான் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வருகிறது.

பையில் கையை விட்ட போஸ்ட்மேன்

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிற பகுதி ஒன்று உண்டு. பாட்டை மெருகேற்றியதில் ஃப்ரெடி கோர்மன் என்றொருவருக்கும் பங்கு இருக்கிறது. அவர் அப்போது பகலில் டெட்ராய்ட்டில் நிஜமாகவே தபால்காரர். கடிதங்களைக் கொடுத்துவிட்டு வந்து மோட்டவுனில் பாட்டு எழுதுவார். கதாசிரியர் எவராவது இப்படி எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்று சொல்லியிருப்போம். யோசித்தால் அவ்வளவு அதிசயமும் இல்லை. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவருக்கு நிலையான சம்பளத்தோடு கிடைத்த சில அரசு வேலைகளில் தபால் வேலையும் ஒன்று. படித்தவர்கள், இசைக்காரர்கள் பலர் அந்தப் பையைச் சுமந்திருக்கிறார்கள். இன்னொரு தடவை பையைப் பார் என்று கேட்கிற வரி கோர்மனுடையதா என்று எந்த லேபிளும் சொல்லாது. அவருடையதாக இருக்கவேண்டும் என்பது என் ஆசை. வாசல் வாசலாக அதைக் கேட்டவருக்குத்தான் அது தோன்றும். கோர்மன் பிற்பாடு தி ஒரிஜினல்ஸ் என்ற குழுவில் அடித்தொண்டைக் குரலாகப் பாடினார்.

டிரம்ஸ் வாசித்தவர் மார்வின் கே. ஆமாம், பிற்பாடு பாடகராகப் புகழ்பெற்ற அதே மார்வின் கே. அப்போது அவருக்கு ஜாஸ் பாடகராக வேண்டும் என்று ஆசை. அந்த வருஷம் வெளிவந்த முதல் ஆல்பம் விற்கவில்லை. அதனால் மற்றவர்கள் பாட்டுக்குக் கொட்டு அடித்து நாள் ஓட்டிக்கொண்டிருந்தார். பாட்டில் அவருடைய வாசிப்பில் பகட்டு ஒன்றும் இல்லை. ஆனால் கைத்தட்டலுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஒரு துள்ளல் இருக்கிறது. சோகப் பாட்டை ஆட்டப் பாட்டாக வைத்திருப்பது அதுதான். மேற்கு கிராண்ட் பூல்வார்டு, 2648ஆம் எண் வீடு. முன்பு ஒரு புகைப்படக்காரருடைய ஸ்டூடியோ. வாசலில் ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ. என்று பெயர்ப்பலகை. அந்த வீட்டுக்குள் ஒரு சின்ன அறையில் பதிவு.

முதல் இரண்டு விநாடியைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டு அறிமுக இசையோடு மெல்லத் தொடங்குவதில்லை. பின்குரல் பெண்கள் எல்லாரும் சேர்ந்து 'நில்லு' என்று ஒரு அதட்டல் போடுகிறார்கள். கெஞ்சல் அதற்குப் பிறகுதான். தெருவில் போகிற ஒருவரைக் கூப்பிட்டால் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி. அப்புறம் கிளாடிஸ் நுழைகிறார். அந்தக் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. தேனாகப் பாடக்கூடிய ஒரு பெண்ணைப் போட்டிருந்தால் பாட்டு கெட்டிருக்கும். கிளாடிஸ் சில வரிகளில் சுருதியின் விளிம்புக்குப் போய்விட்டுத் திரும்புகிறார், மூச்சு வாங்குகிறது. பின்குரல்கள் அவருக்குப் பதில் சொல்வதில்லை, ஒத்து ஊதுவதும் இல்லை. அவரைத் தாண்டித் தபால்காரரிடமே பேசுகின்றன. தோழியோடு வாசலுக்கு வந்து நின்ற தெருப் பெண்கள் அவர்கள். கடைசிப் பகுதியில் வார்த்தைகள் குறைந்து, நில்லு, பாரு, கொடு என்று வெறும் ஏவல்களாக ஆகிவிடும்போது, கெஞ்சல் எங்கே முடிந்து மிரட்டல் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. அப்படியே ஒலி தேய்ந்து போகிறது. கடிதம் வந்ததா? பாட்டு சொல்லவில்லை. வந்திருந்தால் நமக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

பாட்டு வெளிவந்தது 1961 ஆகஸ்ட் 21. அதற்கு எட்டு நாள் முன்புதான் பெர்லினில் முள்வேலி போட்டு நகரத்தை இரண்டாக்கினார்கள். ஜூலையில் கென்னடி தொலைக்காட்சியில் வந்து, ராணுவத்துக்கு ஆளெடுப்பை அதிகமாக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். காதலன் தூரத்தில் இருக்கிறான் என்று மட்டும்தான் பாட்டு சொல்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. அந்த இலையுதிர் காலத்தில் அதைக் கேட்ட எத்தனையோ பெண்கள் அந்த இடத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டிருப்பார்கள். தூரத்து ஊருக்குத் தொலைபேசிப் பேச்சு செலவு பிடித்தது, கடிதத்துக்கு நாலு சென்ட் ஸ்டாம்ப் போதும். பாட்டு ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை, மெதுமெதுவாக ஏறியது. கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் ஏழு வாரம் உச்சியில் இருந்தது. பொதுப்பட்டியலில் டிசம்பர் 11இல் உச்சியைத் தொட்டு, ஒரே வாரத்தில் இறங்கியது. அந்த ஒரு வாரம் மோட்டவுனுக்குப் போதுமாக இருந்தது.

மற்றவர்கள் பாடியபோது

நான் முதலில் கேட்டது பீட்டில்ஸ் பாடியதைத்தான், நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருப்போம். 1963இல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் இருக்கிறது. லெனன் தன் குரலை இரண்டு தடவை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாடியிருப்பார். கிதார் அழுத்தமாக இருக்கும். நல்ல பாட்டு, சந்தேகமே இல்லை. லெனன் கேட்கிற விதத்தில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது, அவருக்குக் கடிதம் வராவிட்டால் தபால்காரர் கதி என்ன என்று கவலையாக இருக்கும். ஆனால் ஒரு ஆண் தெருவில் இறங்கித் தபால்காரரை மறிப்பதற்கும், ஒரு பெண் வாசலில் நின்று மறிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவன் வேறெங்காவது போகலாம். அவள் அங்கேதான் நிற்கவேண்டும்.

கார்பென்டர்ஸ் குழு பாடியது 1975 ஜனவரியில் மறுபடி முதலிடம் பிடித்தது. ஒரே பாட்டு இரண்டு வெவ்வேறு குழுக்களுக்கு முதலிடம் வாங்கித் தருவது அபூர்வம். கேரன் கார்பென்டர் குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் குறை. எல்லாம் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும். நடுவில் சாக்ஸபோனுக்கும் கிதாருக்கும் தனி வாசிப்புக்கு இடம் விட்டிருப்பார்கள். கேட்க இனிமைதான், ஆனால் தம்பி கேட்ட அந்தத் 'திருப்பம்' வந்த இடத்தில் காத்திருப்பு உடைந்துபோகிறது. வாசலில் நின்றவள் உள்ளே போய் ஒரு காபி குடித்துவிட்டு வருகிறாள். டிஸ்னிலாண்டில் சிரித்துக்கொண்டே அவர்கள் எடுத்த படச்சுருள் ஒன்று உண்டு, அதைப் பார்த்தபோது கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று முடிவுசெய்துகொண்டேன்.

வெற்றிக்குப் பிறகு

முதலிடம் வந்ததும் கம்பெனி என்ன செய்தது? அதே பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு 'ட்விஸ்டிங் போஸ்ட்மேன்' என்று அடுத்த பாட்டைப் போட்டது. அப்போது நாடே ட்விஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. அதனால் தபால்காரரையும் தெருவில் ட்விஸ்ட் ஆடவிட்டார்கள், பெண்ணின் வருத்தமும் தீர்ந்தது. 34ஆம் இடத்தோடு நின்றுபோனது. வியாபாரிகளுக்கு ஓடிய குதிரையை மறுபடி ஓட்டிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் எது ஓடியது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. தபால்காரரால் ஓடியது என்று நினைத்தார்கள். கடிதம் வராததால் ஓடியது. மார்வலெட்ஸ் அதற்குப் பிறகும் நல்ல பாட்டுகள் பாடினார்கள். 1962இல் 'ப்ளேபாய்' ஏழாம் இடம் வரை போனது, கிளாடிஸுக்கு அதன் எழுத்தில் பங்குண்டு. 1966இல் வாண்டா முன்குரலாகப் பாடிய 'டோன்ட் மெஸ் வித் பில்' மறுபடி ஏழாம் இடம். உச்சி மட்டும் மறுபடி கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு அது சுலபமான வாழ்க்கையாகவும் இருக்கவில்லை. 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வானிடா கவார்ட், டெட்ராய்ட் என்பது இங்க்ஸ்டருக்குப் பக்கத்துப் புறநகர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். நாடு முழுக்கச் சிரிப்பு. அந்தக் கேலி அவரைப் பாடாய்ப்படுத்தியது, ஓயாத பயணத்தின் களைப்பும் சேர்ந்துகொள்ள 1963இல் குழுவை விட்டே போய்விட்டார். எனக்கு அந்த வாய் தவறல் பிடிக்கும். இங்க்ஸ்டரில் வளர்ந்த பிள்ளைக்கு இங்க்ஸ்டர்தான் நடு. ஜார்ஜியானா டில்மன் நோயோடு போராடிக்கொண்டே பாடினார், 1965இல் முடியாமல் விலகினார், 1980இல் இறந்தார். கிளாடிஸ் 1967இல் விலகினார்.

இன்னொரு கதை மோட்டவுன் வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. 1964இல் ஒரு பாட்டு முதலில் மார்வலெட்ஸிடம் வந்ததாம், இது நமக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்களாம். அது மோட்டவுனின் இன்னொரு பெண்கள் குழுவான சுப்ரீம்ஸிடம் போய் 'வேர் டிட் அவர் லவ் கோ' ஆனது, அவர்களுக்கு முதல் முதலிடம். அதற்குப் பிறகு கம்பெனியின் கவனம், பணம், நேரம் எல்லாம் சுப்ரீம்ஸ் பக்கம். இதைச் சொல்பவர்கள் எல்லாரும் மார்வலெட்ஸ் செய்த முட்டாள்தனமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மென்மையாக, மூச்சுக்கு நோகாமல் பாடவேண்டிய பாட்டு அது. கிளாடிஸின் தொண்டைக்கு அது சட்டை மாறிப் போட்டதாக இருந்திருக்கும். சுப்ரீம்ஸ் வெற்றிக்குப் பிறகு கம்பெனிக்கு எப்படிப்பட்ட பெண் குரல் வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. அதில் இங்க்ஸ்டர் கரகரப்புக்கு இடம் இல்லை. தொழிற்சாலை அப்போதுதான் உண்மையில் தொடங்கியது என்பேன்.

மிச்சக் கதை பெயரைப் பற்றியது. மார்வலெட்ஸ் என்ற பெயர் பாடியவர்களுடையது இல்லை, கம்பெனியுடையது. பிற்பாடு அது கைமாறி, பாட்டு வந்தபோது பிறந்தேயிராத பெண்களைச் சேர்த்து அந்தப் பெயரில் ஊர் ஊராகக் கச்சேரி நடத்தினார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கு மேடையில் இருப்பவர்கள் யார் என்று தெரியாது. கிளாடிஸ் தன் சொந்தப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு, மார்வலெட்ஸிலிருந்து வந்தவர் என்று அடைமொழி சேர்த்துக்கொண்டு பாடவேண்டியிருந்தது. சுப்ரீம்ஸின் மேரி வில்சன் உட்படப் பலர் ஓடியாடிப் பேசியதால், அசல் உறுப்பினர் இல்லாமல் பழைய குழுப் பெயரில் கச்சேரி நடத்துவதைத் தடுக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் வந்தன. அதற்குள் இவர்களுக்கு வயதாகிவிட்டது.

இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு மார்வலெட்ஸ் பெயர் 2013ஆம் ஆண்டுக்கும் 2015ஆம் ஆண்டுக்கும் வாக்கெடுப்புப் பட்டியலில் வந்தது. இரண்டு தடவையும் தேர்வாகவில்லை. கிளாடிஸ் 2011 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். டாபின்ஸ் 2020இல், வாண்டா 2021இல், கேத்ரின் 2023இல். மோட்டவுனின் முதல் நம்பர் ஒன் பாட்டைக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு ஆணி அடித்துப் படம் மாட்ட இடமில்லை என்றால், உள்ளே மாட்டியிருக்கும் மற்ற மோட்டவுன் படங்கள் எல்லாம் எந்தச் சுவரில் தொங்குகின்றன என்று யாராவது அந்தத் தேர்வுக் குழுவிடம் கேட்கவேண்டும்.